மேசைக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர்

ஜனவரியில் ஒன்று, ஜூனில் ஒன்று. வருஷத்துக்கு இரண்டு முறை பள்ளி அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு தாள் வரும். கடந்த ஆறு மாதமும் நான் செய்த வேலை முழுக்க முழுக்க டைட்டில் ஒன் என்ற, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு அமெரிக்க மத்திய அரசு பணம் தரும் திட்டத்துக்கானதுதான் என்று அதில் அச்சடித்திருக்கும். நான் கையெழுத்துப் போட வேண்டும், பக்கத்தில் பிரின்சிபால் போட வேண்டும், தேதி எழுத வேண்டும். முதல் தடவை அது கைக்கு வந்தபோது ஏதோ தப்புச் செய்துவிட்டேன், எழுதி வாங்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அலுவலகத்தில் இருக்கும் பெண்மணி என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "உன் சம்பளம் வாஷிங்டனிலிருந்து வருகிறது. அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?"

அன்றைக்குத்தான் என் மேசையைக் குனிந்து பார்த்தேன். அரைவட்ட மேசை, நடுவில் குழிந்த இடத்தில் நான் உட்கார்வேன், சுற்றி நான்கைந்து பிள்ளைகள். அதன் அடிப்பாகத்தில் பார்கோடு போட்ட வெள்ளை ஸ்டிக்கர், எந்த நிதியில் வாங்கியது என்ற எண்ணோடு. ஆக, மேசையும் நானும் ஒரே கணக்கு. வித்தியாசம் என்னவென்றால் மேசைக்கு ஒருமுறை ஒட்டினால் போதும், எனக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒட்ட வேண்டும்.

நான் இருப்பது டெக்சஸ் மாநிலத்தில் ஒரு நகரம். அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியருக்கு உதவியாளர் வேலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் வாசிக்கத் திணறுபவர்களை அரை மணி நேரத்துக்கு ஒரு குழுவாக என்னிடம் அனுப்புவார்கள். கூடவே அமர்ந்து வாசிக்கவைப்பது, எழுத்துக் கூட்டவைப்பது, தப்பாகச் சொன்னால் முகம் சுளிக்காமல் திருத்துவது. பிள்ளைகள் எல்லாரும் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். என் பெயர் அவர்கள் வாயில் நுழையாது என்பது ஒரு பக்கம், ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஆசிரியை என்றாலே மிஸ்தான் என்பது இன்னொரு பக்கம்.

வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் மனைவிமாரில் சிலர் வேலைக்குப் போகலாம் என்று 2015இல் ஒரு விதி வந்தது. எனக்கு அந்த வேலை அனுமதி அட்டை கைக்கு வர இன்னும் சில வருஷம் ஆனது. கையில் இருந்தது திருநெல்வேலியில் படித்த பி.எஸ்சி. கணிதம். டைட்டில் ஒன் பணத்தில் பாடத்துக்கு உதவியாளர் வைக்க வேண்டுமென்றால் அவர் பள்ளிப் படிப்புக்கு மேல் இரண்டு வருஷமாவது கல்லூரியில் படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். மதிப்பெண் பட்டியலை இங்குள்ள ஒரு மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, 'சரி, இது கல்லூரிப் படிப்புதான்' என்று ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தேன். இந்த வேலையில் எல்லாமே இப்படித்தான், ஒரு தாளைக் காட்டினால் அடுத்த தாள் கிடைக்கும்.

இந்த ஊர் ஏற்பாடு புரியாமல் மற்றது புரியாது. இங்கே பள்ளிக்கூடங்களை நடத்துவது மாநில அரசும் இல்லை, நகராட்சியும் இல்லை. டிஸ்ட்ரிக்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. நம் ஊர் மாவட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது; இது பள்ளிக்கூடங்களுக்கென்றே உள்ள ஒரு குட்டி அரசு. அதற்குத் தேர்தல் உண்டு, தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் உண்டு, வீட்டு வரி போடும் அதிகாரம் உண்டு. செலவில் பெரும்பகுதி அந்த வீட்டு வரியிலிருந்தும் மாநிலக் கஜானாவிலிருந்தும் வருகிறது. வாஷிங்டன் தருவது சாதாரண வருஷங்களில் நூறு டாலருக்கு எட்டோ பத்தோ தான். பாடத்திட்டத்தில் வாஷிங்டன் தலையிடக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எட்டுக்கும் பத்துக்கும் இத்தனை கையெழுத்தா என்று நானும் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பதில் எனக்குக் கிடைத்தது ஒரு பழைய தீர்ப்பில். சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்று ஒரு டிஸ்ட்ரிக்ட், அதே ஊரில் அலமோ ஹைட்ஸ் என்று இன்னொன்று. முதலாவதில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள், இரண்டாவதில் வசதியானவர்கள். எட்ஜ்வுட்டில் 1968இல் மாணவர்கள் ஓட்டை ஜன்னலும் தகுதியில்லாத ஆசிரியர்களும் போதும் என்று வகுப்பைவிட்டு வெளியே நடந்தார்கள். விமானப்படைத் தளத்தில் தகடு வேலை செய்த டெமெட்ரியோ ரொட்ரீகஸும் வேறு சில பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் 1967-68ஆம் ஆண்டுக் கணக்கு இருக்கிறது. எட்ஜ்வுட்டில் ஒரு பிள்ளைக்கு வீட்டு வரியிலிருந்து கூடுதலாகக் கிடைத்தது 26 டாலர், மாநிலம் தந்தது 222, வாஷிங்டன் தந்தது 108, மொத்தம் 356. அலமோ ஹைட்ஸில் வீட்டு வரி 333, மாநிலம் 225, வாஷிங்டன் 36, மொத்தம் 594.

இந்தக் கணக்கில் என்னை உறுத்துவது மாநிலத்தின் பங்கு. ஏழை டிஸ்ட்ரிக்டை விடப் பணக்கார டிஸ்ட்ரிக்டுக்கு மூன்று டாலர் அதிகம்! அதோடு எட்ஜ்வுட்காரர்கள் கட்டிய வரி விகிதம்தான் அந்த ஊரிலேயே அதிகம். வீடுகளுக்கு மதிப்பில்லாததால் எவ்வளவு பிழிந்தாலும் 26க்கு மேல் சொட்டவில்லை. மூன்று வரவுகளில் ஏழைப் பிள்ளை பக்கம் சாய்ந்தது அந்த 108 ஒன்றுதான். நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் வாஷிங்டன் பணம் நூற்றுக்கு எட்டு, பத்து. எட்ஜ்வுட் போன்ற ஓர் இடத்தில் அது நூற்றுக்கு முப்பது. வழக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பெற்றோர் தோற்றார்கள். கல்வி என்பது அமெரிக்க அரசியல் சாசனம் உறுதிசெய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாநில நீதிமன்றத்தில் பிறகு வேறு வழக்குகள் வந்து, பணக்கார டிஸ்ட்ரிக்டுகளிடமிருந்து எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது 1993இல். அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.

அந்த 108 எங்கிருந்து முளைத்தது என்பதையும் இதே மாநிலத்தில்தான் பார்க்க முடியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஏப்ரல் மாதம், நீலப்பூ பார்க்க என்று எல்லாரும் கிளம்பும் சமயத்தில், நாங்களும் ஸ்டோன்வால் பக்கம் போனோம். லிண்டன் ஜான்சனின் பண்ணை அங்கே இருக்கிறது. பக்கத்தில் அவர் சின்ன வயதில் படித்த ஜங்ஷன் பள்ளி, ஒரே அறை. 1965 ஏப்ரல் 11 அன்று ஜனாதிபதியாக இருந்த ஜான்சன் அந்தப் பள்ளி வாசலில் மேசை போட்டு, தனக்கு முதல் எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை கேட் டெட்ரிக் லோனியைப் பக்கத்தில் உட்காரவைத்து, தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அரசியல்வாதிக்கே உரிய நாடகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பின்னால் வேறு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. 1928இல் கல்லூரிப் படிப்புக்குப் பணம் போதாமல் ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவிட்டு, தெற்கே கொட்டுலா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு அவர் பாடம் எடுத்தார். அந்தப் பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் பசியோடு வகுப்புக்கு வந்ததை 1965 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசும்போதும் மறக்காமல் சொன்னார்.

அதற்கு முன் பள்ளிகளுக்கு மத்தியப் பணம் கொடுக்கும் மசோதாக்கள் வந்து வந்து செத்தன. வாஷிங்டன் பணம் வாங்கினால் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்வார்களோ என்று தென்மாநிலங்களுக்குப் பயம். கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு உண்டா இல்லையா என்று இன்னொரு சண்டை. 1964 சிவில் உரிமைச் சட்டம் முதல் வாதத்தை முடித்துவைத்தது. இரண்டாவதற்கு ஜான்சன் ஆட்கள் கண்டுபிடித்த வழி ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது: பணம் பள்ளிக்கூடத்துக்கு இல்லை, ஏழைப் பிள்ளைக்கு. பிள்ளை எங்கே படித்தால் என்ன? ஜனவரியில் கொண்டுவந்த மசோதா மூன்றே மாதத்தில் சட்டமானது. அதன் முதல் அத்தியாயம்தான் டைட்டில் ஒன். இப்போது வருஷத்துக்குச் சுமார் 1,840 கோடி டாலர்.

ஆரம்பத்தில் இந்தப் பணத்தை டிஸ்ட்ரிக்டுகள் கண்டபடி செலவழித்தன. 1969இல் வந்த ஓர் அறிக்கை, ஏழைப் பிள்ளைகளுக்கென்று வந்த பணத்தில் நீச்சல் குளம்வரை வாங்கியிருப்பதைப் போட்டு உடைத்தது. அதற்குப் பிறகு வந்த விதிதான் இன்றுவரை எல்லாரும் முணுமுணுக்கும் விதி: இந்தப் பணம் மேல்மிச்சமாகத்தான் இருக்க வேண்டும், மாநிலமும் டிஸ்ட்ரிக்டும் எப்படியும் செய்ய வேண்டிய செலவை இதில் தள்ளிவிடக் கூடாது. என் ஆறு மாதக் கையெழுத்து, மேசையடி ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் பாட்டன் அந்த நீச்சல் குளம்தான்.

சரி, பணம் எப்படி இறங்கி வருகிறது? மக்கள்தொகைக் கணக்குத் துறை ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் வறுமையில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை என்று வருஷாவருஷம் ஒரு மதிப்பீடு போடும். நான்கு சூத்திரங்களில் அதைப் போட்டு வாஷிங்டன் பங்கு பிரிக்கும். மாநிலம் வழியாக டிஸ்ட்ரிக்டுக்கு வரும். டிஸ்ட்ரிக்ட் தன் பள்ளிகளை வறுமை விகிதப்படி வரிசைப்படுத்தும். 75 சதவீதத்துக்கு மேல் ஏழைப் பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு முதலில் கொடுத்தாக வேண்டும். 40 சதவீதம் இருந்தால் அந்தப் பணத்தைப் பள்ளி முழுமைக்கும் செலவழிக்கலாம். அதற்குக் கீழே என்றால் பின்தங்கியதாக அடையாளம் கண்ட பிள்ளைக்கு மட்டும். எங்கள் டிஸ்ட்ரிக்டில் ஃப்ரீவேக்கு மேற்கே இருக்கும் பள்ளிகளுக்கு ஒன்றும் கிடையாது. அங்கேதான் நம் ஆட்கள் வீடு வாங்குவார்கள். கிழக்கே அபார்ட்மெண்டுகள், கிழக்கே நான்.

டிஸ்ட்ரிக்டுக்குள் எந்தப் பள்ளியில் எத்தனை ஏழைப் பிள்ளை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டிய விஷயமே இருக்கிறது.

ரொம்ப காலமாக இதற்கு அளவுகோல் மதியச் சாப்பாட்டுப் படிவம். வறுமைக்கோட்டைப் போல் 130 சதவீதத்துக்குள் வருமானம் என்றால் சாப்பாடு இலவசம், 185 சதவீதத்துக்குள் என்றால் குறைந்த விலை, அதிகபட்சம் 40 சென்ட். வீட்டில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு வருகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சத்துணவில் தட்டை நீட்டிச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, சோறு போட வருமானச் சான்றா என்று முதலில் கோபமாக வந்தது. அப்புறம் 2010இல் ஒரு சட்டம் வந்தது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் இருக்கும் பள்ளியில் யாரிடமும் படிவம் வாங்காமல் எல்லாருக்கும் இலவசமாகப் போடலாம். உணவு மானியம், மெடிக்கெய்ட் என்ற ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு போன்றவை வாங்கும் குடும்பங்களின் பட்டியலை அரசே பள்ளிப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணிக்கொள்ளும். அந்த எண்ணிக்கை பள்ளியில் நூற்றுக்கு 40 இருக்க வேண்டும் என்றிருந்ததை 2023இல் 25 ஆகக் குறைத்தார்கள். எங்கள் பள்ளியும் அதில் இருக்கிறது. காலையும் மதியமும் எல்லாருக்கும் சாப்பாடு. வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் யார் வீட்டில் பணம் இல்லை என்று யாருக்கும் தெரியாது. இந்த நாட்டில் நான் பார்த்த நல்ல ஏற்பாடுகளில் இது ஒன்று.

ஆனால் பாருங்கள், சாப்பாட்டுப் படிவம் போனதும் கணக்கு ஓட்டையாகிவிட்டது. ஹோண்டுராஸிலிருந்தோ குவாத்தமாலாவிலிருந்தோ வந்து, இங்கே தங்க அனுமதித் தாள் இல்லாமல் கட்டட வேலையும் ஓட்டல் வேலையும் செய்யும் குடும்பம் உணவு மானியத்துக்கு விண்ணப்பிப்பதே இல்லை. பிள்ளை இங்கே பிறந்திருந்து, அதற்கு உரிமை இருந்தாலும் விண்ணப்பிக்கப் பயம். ஆகவே அரசின் பட்டியலில் அந்தப் பிள்ளை ஏழை இல்லை. அதை ஈடுகட்ட டிஸ்ட்ரிக்ட் ஒரு வருமானத் தாள் அனுப்புகிறது, மஞ்சள் நிறத்தில். மாநிலம் தரும் கூடுதல் பணத்துக்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். சாப்பாடுதான் ஏற்கனவே கிடைக்கிறதே, இதை எதற்கு நிரப்ப வேண்டும்? பை அடியில் கசங்கிக் கிடக்கும், இல்லாவிட்டால் காகிதக் கப்பலாகும். வாழைப்பழத்தோடு நசுங்கி வந்த ஒன்றை நான் ஜன்னல் ஓரத்தில் உலர்த்தி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்தத் தாள்களைத் துரத்துவது என் வேலையில் இல்லை, ஆனாலும் துரத்துகிறேன். என் மேசை அதில் நிற்கிறது என்ற சுயநலமும் உண்டு. பெற்றோர் கண்ணில் அந்தப் பயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விளக்கம் சொல்வதெல்லாம் பெரிதாக எடுபடாது. இந்தப் பயம் கற்பனையும் இல்லை. 1975இல் இதே டெக்சஸ் மாநிலம், தாள் இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிப் பணம் தரமாட்டோம் என்று சட்டம் போட்டது. டைலர் என்ற ஊரில் அந்தப் பிள்ளைகளிடம் வருஷத்துக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டார்கள். நான்கு குடும்பங்கள் வழக்குப் போட்டன. அவர்கள் முகம் வெளியே தெரியக் கூடாது என்று நீதிபதி விடிகாலையிலேயே விசாரணை வைத்தார். அப்படியே பிடித்து அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று அந்தக் குடும்பங்கள் சாமான்களைக் காரில் கட்டிக்கொண்டு வந்திருந்தன. 1982இல் உச்ச நீதிமன்றம், அங்கேயும் ஐந்துக்கு நான்கு, எந்தப் பிள்ளையையும் அப்படித் தள்ளக் கூடாது என்றது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் என் வகுப்பில் பாதி நாற்காலி காலி.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். மூன்றாம் வகுப்பு, என் இரண்டாவது குழு. புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத்தான் வாசிப்பான். வாசிக்க இஷ்டமில்லாமல் முகத்தை மறைக்கிறான் என்று நானும் இரண்டு வாரம் திட்டியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். ஒருநாள் 'நேத்து ராத்திரி காரில் தூங்கினோம்' என்று பேச்சுவாக்கில் சொன்னான். விசாரித்தால், அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் ஒரு மாமா வீட்டின் ஹாலில் இருந்திருக்கிறார்கள். மாமாவுக்கும் வாடகை கட்ட முடியாமல் எல்லாரும் வெளியே.

பள்ளியில் சேர்க்கும்போது வசிப்பிடம் பற்றி ஒரு தாள் கொடுப்பார்கள். சொந்த வீடா, வாடகையா, பணக்கஷ்டத்தால் வேறொரு குடும்பத்தோடு ஒண்டியிருக்கிறீர்களா, மோட்டலா, காரா. அந்த அம்மா 'வாடகை' என்று டிக் செய்திருந்தார். யார்தான் செய்யமாட்டார்கள்? ஆனால் 1987இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டப்படி, ஒண்டியிருக்கும் பிள்ளையும் வீடில்லாத பிள்ளைதான். அப்படி எழுதியிருந்தால் பிள்ளை எங்கே இடம் மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடரலாம், டிஸ்ட்ரிக்ட் வண்டி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் இதற்கென்று ஓர் ஆள் இருந்தாக வேண்டும். டைட்டில் ஒன் பணத்திலும் இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு பங்கு ஒதுக்க வேண்டும்.

அலுவலகப் பெண்மணி அந்த அம்மாவை உள்ளே அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்பானிஷில் மெதுவாகப் பேசினார். இரண்டாவது தடவை தாளை நிரப்பினார்கள். அடுத்த வாரத்திலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளியிருந்த மோட்டல் வாசலுக்கு ஒரு வண்டி போனது. ஒதுக்கிய பணத்தில் கண் பரிசோதனை, கண்ணாடி. கறுப்பு ஃபிரேம் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவன் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. என் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு என்று எழுத்துகளை எண்ணுகிறான். "மிஸ், உங்க பேர் இவ்வளவு நீளமா? பதினேழு எழுத்து!" அத்தனை மாதமும் அந்த அட்டை அவனுக்கு ஒரு வெள்ளைத் துண்டாகத்தான் தெரிந்திருக்கிறது.

பயப்படுவதில் நாம் மட்டும் குறைந்தவர்களா என்ன? என் மகளைக் கிண்டர்கார்ட்டனில் சேர்த்தபோது வீட்டு மொழி என்ன என்று ஒரு தாளில் கேட்டார்கள். தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கனவே எச்சரித்திருந்தார்கள்: 'தமிழ்னு எழுதிடாதீங்க, இஎஸ்எல்ல போட்டுடுவாங்க, அப்புறம் கிஃப்டட் வகுப்பு கிடையாது.' இஎஸ்எல் என்பது ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கான உதவி, கிஃப்டட் என்பது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான தனி வகுப்பு. அந்த எச்சரிக்கை பொய், ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லை. அது தெரியாமல் நான் 'ஆங்கிலம்' என்று எழுதினேன். வேறு மொழி என்று எழுதினால்தான் பிள்ளைக்கு ஆங்கிலம் எவ்வளவு வருகிறது என்று சோதிப்பார்கள். அவளுக்குச் சோதனையே நடக்கவில்லை. ஆச்சியோடு தமிழிலேயே வளர்ந்த பிள்ளை, பள்ளியில் நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. முன்னேற்ற அறிக்கையில் 'கூச்ச சுபாவம்' என்று வந்தது. அவளாவது கூச்சப்படுவதாவது! வீட்டில் வாய் மூடாது.

1974இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் தொடுத்த லாவ் வழக்கில், புரியாத மொழியில் எல்லாருக்கும் ஒரே பாடம் நடத்துவது சமமாக நடத்துவது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக அந்த உதவி சலுகை இல்லை, உரிமை. அதற்கு மேல்மிச்சமாகக் கோடை வகுப்பு, ஆசிரியர் பயிற்சி, பெற்றோருக்கு மாலை வகுப்பு என்று தருவதற்குத்தான் டைட்டில் மூன்று, நாடு முழுக்க வருஷத்துக்குச் சுமார் 89 கோடி டாலர். வரிசையில் நிற்காமல் நானே விலகிக்கொண்டேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சட்டம் 1975இல் வந்தபோது ஒரு பிள்ளைக்கான சராசரிச் செலவில் 40 சதவீதத்தை வாஷிங்டன் ஏற்கும் என்றார்கள். இப்போதெல்லாம் 15ஐக்கூட எட்டுவதில்லை, மீதிக்கு டிஸ்ட்ரிக்ட் வேறு எங்காவது கை வைக்க வேண்டும். பள்ளி இணையத்துக்கான மானியம் கல்வித் துறையிலிருந்தே வருவதில்லை. உங்கள் போன் பில்லில் 'யுனிவர்சல் சர்வீஸ்' என்று ஒரு சில்லறைத் தொகை இருக்கும், அதிலிருந்து வருகிறது. கொரோனா காலத்தில் மூன்று சட்டங்களில் சுமார் 19,000 கோடி டாலர் கொட்டினார்கள். எங்கள் பள்ளிக்கு அதில் இரண்டு பேர் கிடைத்தார்கள், இரண்டு பேரும் அருமையாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். 2024 செப்டம்பர் 30க்குள் அந்தப் பணத்தை ஒப்பந்தமாக்கிவிட வேண்டும் என்று கெடு. அந்தக் கல்வியாண்டில் அவர்கள் நாற்காலிகள் இல்லை.

2025 ஜூன் 30. கோடை விடுமுறை. மறுநாள் மாநிலங்களுக்கு வர வேண்டிய பணத்தில் ஒரு பகுதி வராது, மறுபரிசீலனையில் இருக்கிறது என்று வாஷிங்டனிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்ததாகச் செய்தி. ஆசிரியர் பயிற்சி, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், பள்ளிக்குப் பிந்தைய வகுப்புகள், இடம்பெயரும் பண்ணைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் என்று எல்லாம் சேர்த்து 680 கோடி டாலர் அளவுக்கு. மார்ச்சிலேயே கல்வித் துறையில் பாதிப் பேரை வெளியேற்றப்போவதாக அறிவித்து, துறையையே மூட ஜனாதிபதி ஆணையிட்டிருந்தார். டைட்டில் ஒன் அந்தப் பட்டியலில் இல்லை, என் மேசை தப்பியது. பக்கத்து அறையில் பெற்றோர் தொடர்பாளராக இருப்பவர் டைட்டில் மூன்று. அவர் போனில் ஒன்றும் பேசவில்லை, ஆகஸ்டில் வரச் சொல்வார்களா என்று மட்டும் கேட்டார்.

ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் அக்காவிடம் அன்று ராத்திரி பேசினேன். சமக்ர சிக்ஷா பணத்தை டெல்லி நிறுத்திவைத்து, தமிழ்நாடு வழக்குப் போட்டிருந்த நேரம். "என்னடி, அங்கயுமா?" என்றாள். "ஆமாக்கா." "உங்களுக்காவது முன்னாடி நாள் மெயில் போட்டானே" என்று சிரித்தாள்.

ஜூலை 25இல் விடுவித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். நான்கு வாரம். தொகை முழுசாக வந்தது என்றாலும், அந்த நான்கு வாரத்தில் வேறு வேலை தேடிக்கொண்டு போன இரண்டு பேர் திரும்பவில்லை.

ஆகஸ்டில் பதிவு நாள். உணவுக்கூடத்தில் நீள மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் தாள். மஞ்சள் தாள் மேசையில் என்னை உட்காரவைத்திருந்தார்கள். கண்ணாடிப் பையனின் அம்மா, அவன் தங்கையைச் சேர்க்க வந்திருந்தார். இப்போது சொந்தமாக ஓர் அறை எடுத்திருக்கிறார்களாம். வீட்டில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. விரல்விட்டு எண்ணி, 3 என்று எழுதி, வருமானக் கட்டத்தையும் நிரப்பி, பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் போனதும் அதே பேனாவால் என் மகனின் தாள்களை நிரப்பினேன். ஊழியர் பிள்ளைகள் எங்கள் பள்ளியிலேயே சேரலாம். அவனுக்கு இந்த வருஷம் கிண்டர்கார்ட்டன். வீட்டில் பெரும்பாலும் பேசும் மொழி: தமிழ். பிள்ளை பெரும்பாலும் பேசும் மொழி: தமிழ். அலுவலகப் பெண்மணி அதைக் கணினியில் ஏற்ற மொழிப் பட்டியலைத் திறந்து, உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "இதற்கு எழுத்துக் கூட்டு என்ன?" என்றார். டி-யில் தேடச் சொன்னேன். டகாலோகுக்குக் கீழே இருந்தது.